நோட்டை எங்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்

பழைய வடாற்காட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கும், நர்ஸம்மாக்களுக்கும், கிராம சுகாதார செவிலியர்களுக்கும், வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் அக்காமார்களுக்கும்,

வணக்கம்.

2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். எனக்கு என்னவோ இன்னும் வடாற்காடு என்றுதான் வாயில் வருகிறது. மூன்று மாவட்டத்துக்காரர்களும் இது தங்களுக்கு எழுதியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டருக்குப் படித்தவன் இல்லை. சங்கம், கட்சி எதிலும் பொறுப்பில் இல்லை. காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகும் பக்கத்தில், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எதிர்வாடையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினேழு வருஷம் ஆகிறது. ஆதார், ரேஷன் கார்டு, பட்டா நகல் இதெல்லாம் எப்போதும் வருகிற வேலை. அதோடு வாரத்தில் இரண்டு நாள் காலையில் இன்னொன்றும் வரும். சுகர் நோட்டு.

உங்களிடம் இருந்து வெளியே வருகிற நோட்டுதான். நாற்பது பக்க நோட்டு, அட்டை போய், நடுவில் பின் துருப்பிடித்து, மஞ்சப்பைக்குள் மாத்திரை அட்டைகளோடு கசங்கி இருக்கும். காப்பீட்டுக்கு நகல் வேண்டும், வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் அதற்கு நகல் வேண்டும் என்று கொண்டுவருவார்கள். நகல் எடுத்துக் கொடுத்த பிறகும் பாதிப் பேர் நகர மாட்டார்கள். காசைக் கொடுத்துவிட்டு, நோட்டை மறுபடி என் பக்கமே தள்ளுவார்கள்.

"இதுல இன்னா எழுதிகீது நைனா? கொஞ்சம் படிச்சு சொல்லேன்."

பதினேழு வருஷமாக நான் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை எப்படிப் போனது என்று சொல்லத்தான் இந்த மடல்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆயா. அறுபத்தஞ்சு வயசு இருக்கும். பீடி சுற்றுகிறவர். முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தே முதுகு வளைந்துபோனவர். அவருக்கு அன்றைக்குப் புதிதாக ஒரு மாத்திரை எழுதியிருந்தார்கள். சர்க்கரைக்குச் சின்ன மாத்திரை. நோட்டில் மாத்திரைப் பேருக்குப் பக்கத்தில் 1/2 - 0 - 1/2 என்று இருந்தது. பேனா மை தீர்ந்துபோகிற நேரம் போலிருக்கிறது, நடுவில் இருந்த சாய்கோடு சரியாக விழவில்லை. எனக்கு அது ஒன்று, இரண்டு என்று தெரிந்தது. "காலையில ஒண்ணு, ராத்திரி ரெண்டு ஆயா" என்றேன். அவரும் விரலை மடக்கி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

மறுநாள் கடை திறக்கும்போதே அவர் மகன் நின்றுகொண்டிருந்தான். "அண்ணா, நேத்து அம்மாகிட்ட இன்னா சொன்னீங்க?" ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆயாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியிருக்கிறது. மருமகளுக்கு அவளுடைய அம்மா வீட்டில் யாருக்கோ இப்படி வந்து பார்த்த அனுபவம் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்திருக்கிறாள். மாத்திரை கூடிப்போய் சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கிறது, அந்தத் தண்ணீரால்தான் ஆயா பிழைத்தார்.

நான் கடையைச் சாத்திவிட்டு அவனோடு எதிர்ப்பக்கம் வந்தேன். உள்ளே இருந்த நர்ஸம்மா நோட்டை வாங்கிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மாத்திரை அட்டையை வாங்கி, ஒன்றைப் பிதுக்கி எடுத்து, நடுவில் இருக்கும் கோட்டில் நகத்தை வைத்து டக்கென்று இரண்டாக உடைத்தார். ஒரு பாதியை ஆயாவின் உள்ளங்கையில் வைத்து, "இவ்ளோதான் ஆயா, காலைல. ராத்திரிக்கும் இவ்ளோதான்" என்றார். அப்புறம் நோட்டில் அந்த மாத்திரைப் பேருக்குப் பக்கத்தில் ஓர் அரை நிலா வரைந்தார். இன்னொரு அரை நிலா. முன்னதுக்கு மேலே ஒரு சூரியன். அவ்வளவுதான். அரை நிமிஷம் கூட ஆகவில்லை. ஆயா இன்றைக்கும் அந்த மாத்திரையை "அரை நிலா மாத்திரை" என்றுதான் சொல்கிறார்.

தப்பு செய்தது நான். அதில் யாரையும் இழுக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் மேசைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு தார்ச்சாலை அகலம்தான். அங்கே அரை நிமிஷத்தில் முடிகிற வேலை ஏன் சாலையைக் கடந்து, ஒன்றும் தெரியாத என்னிடம் வருகிறது?

இதற்குக் கூட்டம்தான் காரணம் என்று சொல்வீர்கள். கூட்டம் எனக்கும் தெரியும், என் கடை வாசல் வரை நிற்கிறதே. சமவெளியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 பேர், துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. சுகர் கிளினிக் நாளில் ஒருவருக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தால் பெரிசு. மாதம் இரண்டு நிமிஷம் என்றால் வருஷத்துக்கு இருபத்து நாலு நிமிஷம். மீதி நேரம் முழுக்க அந்த நோயை வைத்துக்கொண்டு இருப்பது ஆயாதான். எதைத் தின்பது, எந்த மாத்திரையை எப்போது போடுவது, காலில் முள் குத்தினால் பேசாமல் இருப்பதா வருவதா என்று முடிவெடுப்பது எல்லாம் அவர்தான். அப்படியென்றால் அந்த இருபத்து நாலு நிமிஷத்தில் அவர் கைக்கு என்ன கொடுக்கிறோம் என்பதைப் பற்றித்தானே முதலில் யோசிக்க வேண்டும்?

உங்களால் முடியாது என்று நான் நம்பத் தயாரில்லை. ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே இதைச் செய்துகாட்டியவர்கள்.

அதே ஆயா வீட்டில் அந்தச் சமயம் மருமகள் மாசமாக இருந்தாள். எட்டாவதோடு நின்றவள். அவளுடைய தாய் சேய் அட்டையை நகல் எடுக்க வந்தபோது சும்மா கேட்டுப் பார்த்தேன். ரத்த அளவு எவ்வளவு? "போன மாசம் ஒன்பதரை, இப்ப பத்தரைண்ணா. பதினொண்ணுக்கு மேல இருக்கணுமாம்." எடை எவ்வளவு ஏறியது, இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு ஏன் போடக் கூடாது, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் பிக்மி நம்பர் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது எப்படி அலைய வேண்டியிருக்கும் என்று எல்லாம் சொல்கிறாள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் அடுத்த தவணைப் பணம் எப்போது வரும் என்பது கேட்கவே வேண்டாம்.

ஒரே வீடு. ஒரே ஆணியில் மாட்டிய இரண்டு மஞ்சப்பை. ஒன்றில் இருக்கும் அட்டை அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். மற்றதில் இருக்கும் நோட்டைப் படிக்க ஜெராக்ஸ் கடைக்கு வர வேண்டும். மருமகளுக்குப் படிப்பு கொஞ்சம் கூட, சரி. ஆனால் அதுமட்டும் காரணம் இல்லை. வி.எச்.என். அம்மா, அதாவது கிராம சுகாதார செவிலியர், அவள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, அட்டையை விரித்து, விரல் வைத்துச் சொல்லியிருக்கிறார். மாமியாருக்கு அப்படி யாரும் உட்காரவில்லை. பிரசவத்தில் சாகாமல் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்ட நம் ஊர், சர்க்கரையோடும் பிரஷரோடும் முப்பது வருஷம் வாழ்வதற்கு இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. மருமகளுக்குச் செய்ததையே மாமியாருக்கும் செய்யுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. புதிதாக ஒரு திட்டம் வேண்டாம்.

ஆயாவுக்கு எண் தெரியாதா என்ன? ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு, எத்தனை கழித்தார்கள், கூலி எவ்வளவு குறைந்தது என்று ஒரு பைசா பிசகாமல் சொல்வார். அவரிடம் போய் சாப்பாட்டுக்கு முன்னால் 130-க்குள், சாப்பிட்ட பிறகு 180-க்குள், பிரஷர் 140-க்கு 90-க்குள் இருக்கட்டும் என்று சொன்னால் பிடித்துக்கொள்ள மாட்டாரா? இவை பொதுவாகச் சொல்லும் எல்லைகள். வயசானவர்களுக்கு, வேறு நோய் இருப்பவர்களுக்கு நீங்கள் கொஞ்சம் மாற்றுவீர்கள். அப்படி மாற்றினால் அவருடைய எண் எது என்று நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, வாயாலும் சொல்லிவிடுங்கள். "சக்கரை ஏறிகீது, வாயைக் கட்டு" என்று மட்டும் சொன்னால் எவ்வளவு ஏறியது, எங்கிருந்து ஏறியது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு விஷயம். இதைச் சொன்னால் என் வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்கிறேன். ரத்தம் எடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே எங்கள் ஆட்கள் சோற்றை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வேளை களி, ஒரு வேளை மோர். மூன்றாம் நாள் எண் நன்றாக வருகிறது. நீங்களும் "வெரிகுட்" என்கிறீர்கள். அன்றைக்குச் சாயங்காலமே பழையபடி. இது உங்களை ஏமாற்றுவதற்காகச் செய்வது இல்லை. திட்டு வாங்கக் கூடாது என்பதற்காகச் செய்வது. போன மாதம் வரிசையில் எல்லார் முன்னாலும் "உனக்கெல்லாம் எத்தனை தடவை சொல்றது" என்று கேட்டிருப்பீர்கள். அல்லது பக்கத்தில் நின்றவரைக் கேட்டிருப்பீர்கள், அது போதும். பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி அவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தயாராகி வருகிறார்கள். பொய்யான எண்ணைப் பார்த்து நீங்கள் மருந்து எழுதுகிறீர்கள். திட்டினால் நிஜம் ஒளிந்துகொள்ளும் என்பதைத் தவிர இதில் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

நம் பக்கத்தில் டாக்டரிடம் சந்தேகம் கேட்பதை எதிர்த்துப் பேசுவது என்றே நினைக்கிறார்கள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வா" என்று சொல்லித்தான் வீட்டில் அனுப்புகிறார்கள். அதனால் நீங்கள் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுதுங்க" என்றுதான் வரும். அந்தக் கேள்விக்கு வேறு பதில் இந்த ஜில்லாவில் நான் கேட்டதே இல்லை. வெளியே வந்து, சாலையைக் கடந்து, என்னிடம் புரியவில்லை என்பார்கள். எங்கள் பக்கத்துத் துணை நிலையத்தில் இருந்த ஒரு செவிலியர் வேறு மாதிரி கேட்பார். "சரி, வீட்டுக்குப் போனதும் மருமக கேப்பா. அவகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?" அவ்வளவுதான். கிழவிகள் குஷியாகச் சொல்ல ஆரம்பிப்பார்கள். சொல்லும்போதே எங்கே தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிடும். நான் செய்த ஒன்று-இரண்டு குளறுபடி அந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும். "வேற ஏதாவது கேக்கணுமா?" என்பதைக்கூட அவர் "இன்னா கேக்கணும்னு நெனச்சுகினு வந்தே?" என்று மாற்றிக் கேட்பார். கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவரே எடுத்துக்கொள்வதால் அவர்களும் கேட்டுவிடுவார்கள்.

சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். சுவரில் ஒட்டியிருக்கும் படத்தில் ஓட்ஸ், ஆப்பிள், ப்ரோக்கோலி. எங்கள் வீட்டில் இருப்பது களி உருண்டை, கருவாட்டுக் குழம்பு, முள்ளுக் கத்திரிக்காய். சர்க்கரைக்குக் கேழ்வரகு நல்லது என்று யாரோ சொன்னதை வைத்து மூன்று வேளையும் பெரிய பெரிய உருண்டையாக முழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கேழ்வரகும் மாவுதான், அளவு முக்கியம் என்று யாரும் சொல்லவில்லை. பிரஷருக்கு உப்பைக் குறை என்றால் குழம்பில் குறைப்பார்கள், ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் அவர்கள் கணக்கில் உப்பே இல்லை. நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு அங்கிருந்து ஆரம்பித்தால் அந்தச் சுவர்ப்படமே தேவைப்படாது.

இதெல்லாம் ஏதோ வெளிநாட்டுப் புது யோசனை என்று நினைக்க வேண்டாம். நம் ஜில்லாவுக்கு இது பழைய பாடம். என் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். சின்ன வயசில் தொழுநோய் வந்து கரிகிரி ஆஸ்பத்திரியில் பார்த்து, நோய் குணமாகி, ஆனால் பாதத்தில் உணர்ச்சி மட்டும் போய்விட்டவர். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திண்ணையில் உட்காருவார். அகலமான பேசினில் தண்ணீர். கால் இரண்டையும் இருபது நிமிஷம் ஊறவைப்பார். அப்புறம் சொரசொரப்பான கல்லால் காய்ப்பைத் தேய்ப்பார். துடைத்துவிட்டு எண்ணெய். கடைசியில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்து, ஏதாவது சிவந்திருக்கிறதா, கொப்புளமா, வெடிப்பா என்று ஓர் அங்குலம் விடாமல் பார்ப்பார். விரலிடுக்கு உட்பட. எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். செருப்பையும் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்த்துத்தான் போடுவார்.

தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, வலி தெரியாததால் படும் காயங்கள்தான் காரணம் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் வேலூரில் இருந்த டாக்டர் பால் பிராண்ட். வலி தெரியாத காலுக்குக் கண்தான் வலி. அதனால் நோயாளியைத்தான் பார்க்கப் பழக்க வேண்டும் என்று ஆனது. கரிகிரியில் எத்தனையோ எழுத்தறியாதவர்கள் இதைப் பழகிக்கொண்டு கால்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அந்தத் தாத்தா ஒருநாள் என்னிடம் சொன்னது: "மாசத்துக்கு ஒரு நாளு டாக்டரு என் காலைப் பாக்குறாரு. மிச்ச இருபத்தொம்பது நாளும் நான்தானேடா டாக்டரு."

சர்க்கரைக்காரர்களின் பாதத்திலும் நாளாக நாளாக உணர்ச்சி குறையலாம், அதே கதைதான். ஆனால் என் சித்தப்பாவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அந்தத் தாத்தாதான். உங்களில் யாரும் இல்லை. ஒன்பது வருஷம் நோட்டு வைத்திருந்தார் சித்தப்பா. ஒருமுறைகூட யாரும் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை. கட்டைவிரலுக்கு அடியில் புண் இருப்பதைத் தாத்தாதான் கண்ணாடியில் காட்டினார். விரலோடு போயிற்று, கால் தப்பியது.

சரி, வாசித்துக் காட்டுங்கள் என்கிறேன். அதற்காக வரிசை முழுக்கக் கேட்கும்படி வாசித்துவிடாதீர்கள். நோட்டில் இருப்பது நோட்டுக்காரருக்கு மட்டும். "டி.பி. மாத்திரை வாங்க வந்தவங்க யாரு?" என்று கவுன்டரில் இருந்து ஒரு குரல் வந்தால், பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய் மாத்திரை வாங்குவார்கள், இல்லாவிட்டால் வாங்கவே மாட்டார்கள். டி.பி.க்கு ஆறு மாதம் விடாமல் மருந்து போட வேண்டும். நடுவில் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வயசுப் பெண் இருக்கிற வீட்டில் அந்த ஒரு சத்தம் என்னவெல்லாம் செய்யும் என்பதும் தெரியும்தானே. தனி ரூம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். குரலைத் தணிக்க ரூம் வேண்டாம்.

இனி ஊர்ப் பொதுக் கணக்குக்கு வருகிறேன். நோயாளிக்கு ஒரு நோட்டு என்றால், ஊருக்கு உங்களிடம் ரெஜிஸ்டர் இருக்கிறது. எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு பிரஷர், யார் மருந்தை நிறுத்தியது, எத்தனை குழந்தைக்கு வயிற்றுப்போக்கு எல்லாம் அதில் ஏறுகிறது. அப்புறம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. அங்கிருந்து மேலே போகிறது. எங்கள் ஊர்க் கணக்கு சென்னைக்குத் தெரியும், டெல்லிக்குத் தெரியும், எங்கள் ஊருக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் ஒரே தெருவில் இரண்டு கோடைக்கும் தொடர்ந்து வாந்திபேதி வந்தது. சாமி குற்றம், மாம்பழம், வெயில் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மேலே சொன்ன அந்தச் செவிலியர் ரெஜிஸ்டரைப் புரட்டி, மகளிர் குழுக் கூட்டத்தில் வந்து, பேர் எதுவும் சொல்லாமல், தரையில் சாக்பீசால் தெருவை வரைந்து நோய் வந்த வீடுகளுக்கு மட்டும் புள்ளி வைத்தார். பதினோரு புள்ளி. ஒன்று விடாமல் எல்லாம் ஒரே குழாய் லைனில் இருக்கும் வீடுகள். பார்த்துக்கொண்டிருந்த பெண்களே சொன்னார்கள், "அந்த லைன் சாக்கடைக்குள்ள முங்கிதானேக்கா போவுது." அதே படத்தை ஒரு பேப்பரில் வரைந்து, என் கடையில்தான் முப்பது நகல் எடுத்தார்கள். அடுத்த கிராம சபையில் ஆளுக்கொரு பேப்பரோடு உட்கார்ந்தார்கள். அதற்கு முன்னால் எத்தனையோ மனு கொடுத்து நடக்காதது, குழாயைச் சாக்கடைக்கு மேலே தூக்கும் வேலை, இரண்டு மாதத்தில் நடந்தது. செவிலியர் அன்றைக்கு மனு எழுதவில்லை, அதிகாரியிடம் சண்டை போடவில்லை. ரெஜிஸ்டரில் இருந்ததை ஊருக்குக் காட்டினார்.

வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வந்து பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துவிட்டுப் போகிறார். அவர் கையில் இருக்கும் கணக்கில் ஐந்து நிமிஷத்துக்கு உரியதைப் பேர் இல்லாமல் வாசித்தால் போதும். கிராம சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று ஊருக்கு ஊர் இருக்க வேண்டும், அதற்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை தனி நிதி என்பது தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்தில் இருந்தே உள்ள ஏற்பாடு. எங்கள் ஊரில் அந்தக் குழுவில் யார் யார் என்று குழுவில் இருப்பவர்களுக்கே தெரியாது. ஒருவர் என் கடையில் நகல் எடுக்கும்போது தன் பேரைப் பார்த்து அதிர்ச்சி ஆனார்.

மலையில் இருப்பவர்கள் நிலை வேறு. 2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயசுக் குழந்தையைப் பாம்பு கடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது அங்கே ரோடு இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் குழந்தை போய்விட்டது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதி வழிக்கு மேல் போக முடியாமல், தாய் குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். அங்கே போய் பாம்புக்கடி விழிப்புணர்வு நடத்த முடியுமா? நடத்தத்தான் வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது, கடிபட்ட இடத்தை அசைக்காமல் விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் போக வழி எங்கே என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்வியை உங்கள் அறிக்கையிலும் எழுதுங்கள். எந்தக் கிராமத்திலிருந்து எத்தனை மணி நேரம் ஆகிறது, மழைக்காலத்தில் எத்தனை நாள் பாதை அடைபடுகிறது என்று டாக்டர் எழுதிய ஒரு பக்கத்துக்கு இருக்கும் கனம், மலைக்காரர்கள் கொடுக்கும் நூறு மனுவுக்கு இருப்பதில்லை. இருக்க வேண்டும்தான். இல்லை.

1978-இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி, தங்கள் ஆரோக்கியத்தைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமை என்று பிரகடனம் செய்தார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1977-இல், இங்கே கே.வி. குப்பம் வட்டாரத்தில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்காரர்கள் ருசா என்ற கிராம சுகாதாரத் திட்டத்தை ஆரம்பித்துவிட்டார்கள். கணியம்பாடி வட்டாரத்தில் ஊர்ப்பெண்களையே சுகாதாரப் பணிக்குப் பழக்கியது இன்னொரு கதை. அதற்கெல்லாம் முன்னால் சி.எம்.சி.யை ஆரம்பித்த டாக்டர் ஐடா ஸ்கடர் குடியாத்தம் போகும் சாலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தது என் பாட்டி காலத்துப் பேச்சு. உலகத்தில் யார் யாரோ வந்து பார்த்துவிட்டுப் போன ஜில்லா இது. அதே ஜில்லாவில் 1/2 என்றால் என்ன என்று ஜெராக்ஸ்காரனைக் கேட்கிறார்கள்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பீடிக்காரம்மாவுக்கு அரை நாள் போனால் அரை நாள் கூலி போச்சு. மாத்திரை வீட்டுக்கே வருவது எவ்வளவு பெரிய விஷயம். எங்கள் தெருவுக்கு வரும் அக்கா மகளிர் குழுவில் இருந்து வந்தவர், ஆயாவுக்கு உறவு முறை வேறு. ஆனால் அவர் வருகிற வேகத்தைப் பார்க்கணும். பிரஷர் பார்த்து, போனில் ஏற்றி, அட்டையை நீட்டி, போட்டோ எடுத்து, அடுத்த வீடு. "ஏம்மா, எண்ணு இன்னான்னு சொல்லிட்டுப் போயேன்" என்றேன். "டார்கெட் கீதுண்ணா" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. டாக்டர்களே, நீங்கள் மாதக் கூட்டத்தில் அவரிடம் எத்தனை வீடு என்று கேட்கிறீர்கள். எத்தனை பேருக்குத் தன் எண் தெரிகிறது என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்கிற கேள்வியைப் பார்த்துத்தான் அவர் வேலை செய்வார்.

என் பங்குக்கு ஒரு வேலை செய்து வைத்திருக்கிறேன். ஒரே பக்கம், பெரிய எழுத்து. மேலே பேர் எழுத இடம். அதற்குக் கீழே "என் சர்க்கரை எண்", "என் பிரஷர் எண்", பக்கத்தில் காலிக் கட்டம். மாத்திரைக்கு நாலு வரி, ஒவ்வொரு வரியிலும் சூரியன், உச்சி வெயில், நிலா. முழு மாத்திரைக்கு வட்டம், பாதிக்கு அரை நிலா. கடைசியில் ஒரு பாதம், தினமும் பார்த்தேனா என்று டிக் போட முப்பது கட்டம். வேர்த்து நடுங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு, மாத்திரை எப்படிப் போட்டோம் என்று ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்ல வேண்டும் என்று ஒரு வரி.

டாக்டர் பார்க்காத எதையும் இனி கொடுப்பதில்லை என்று அன்றைக்கே சத்தியம் செய்துவிட்டேன். அதனால் கடையிலேயே வைத்திருக்கிறேன். ஒரு நர்ஸம்மா பார்த்துவிட்டு இரண்டு இடத்தில் திருத்தினார். தொண்டை வழியாக முழுங்க முடியாமல் மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் கொடுக்காதே, 108-ஐக் கூப்பிடு என்று சேர்த்தது அவர்தான். நீங்களும் ஒருவர் பார்த்து, சிவப்பு மையில் அடிக்க வேண்டியதை அடித்து, கீழே ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பேப்பர், டோனர் செலவு என்னுடையது. சுகர் கிளினிக் நாளில் காலை எட்டு மணிக்குக் கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
எதிர்க்கடை ஜெராக்ஸ்காரன்